வழுக்கி விழுந்தோர் பதிவேடு

ஊரிலேயே மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால், நகரமன்றத் தலைவரின் அறைத் தரை என்றுதான் ஆவணங்கள் சொல்லும். நாலு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஆட்கள் அதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அவர்களில் முப்பத்தொரு பேருக்குப் பல் போயிற்று. ஒன்பது பேருக்குச் செவிப்பறை கிழிந்தது. தெருவிளக்குப் பழுதுபார்ப்பவர் ஒரே நிமிஷத்தில் நாலு தடவை வழுக்கினார். நாலு தடவையும் அதே கன்னம். நூலகத்து அம்மா வழுக்கியபோது மேசை மேலிருந்த பேப்பர் வெயிட் தானாக எழும்பி வந்து அவர் நெற்றியில் பட்டது. விழுந்தவர்கள் எல்லாரும் தலைவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கப் போனவர்கள். பாராட்டப் போனவர்களில் ஒருவர்கூட வழுக்கியதாகத் தகவல் இல்லை. தரைக்கு அவ்வளவு விவரம்.

அந்தத் தரையைப் பதித்தவருக்கு ஊரில் ரசமட்டம் என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஓடினால் கோணல் என்று காட்டும் அந்தச் சின்னக் கருவியை அவர் எப்போதும் இடுப்பிலேயே வைத்திருப்பார். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில்கூட உட்காருவதற்கு முன் சாப்பாட்டு மேசை மேல் அதை வைத்துப் பார்ப்பார். "உங்க மேசை அரை நூல் தாழ்வு" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார். இதனால் விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்து போனார்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் கூடிப் போனார்கள்.

அதுவும் ஒரு நாள் நின்றது. மருந்துக்கடைக்காரர் மாடித் தரைக்குப் பேசி வைத்திருந்த வேலையை வேண்டாம் என்றார்.

"என்ன குறைங்க என் வேலைல?"

"குறைன்னு இல்ல. வீட்ல வயசானவங்க இருக்காங்க. நீங்க போட்ட தரையில இருநூறு பேர் விழுந்திருக்காங்களாமே."

"என் தரையிலயா?"

"ஆவணமே இருக்காம். சீல் குத்தி."

ரசமட்டம் வீட்டுக்கு வந்து தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவி தையல்காரம்மா. ஊர்ச் செய்தி எல்லாம் ரவிக்கைத் துணியோடு சேர்ந்து முதலில் அந்த மெஷினுக்குத்தான் வரும். விஷயம் அவருக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். கணவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"தலைவர் கை நீட்டுறாருன்னு ஊருக்கே தெரியும். அடி வாங்கினவங்களைத் தரை மேல பழி போடச் சொல்லி எழுதி வாங்குறாங்க. உங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"அடிக்கிறார்னு தெரியும். என் தரை வழுக்குதுன்னு சொல்றது தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"எப்படிடி ஒண்ணாகும்? அடிக்கிறது அவர் குணம். வழுக்குதுன்னா அது என் வேலை."

மறுநாளே கிளம்பி நகரமன்றத்துக்குப் போனார். தலைவர் அறைக்கு வெளியே ஒரு மேசை. அதன் பின்னால் பதிவேட்டார். பிறந்தபோதே அவர் கையில் பேனா இருந்தது என்பார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். நாலு நிற மை வைத்திருப்பார். கறுப்பு மை பெயருக்கு, நீலம் நேரத்துக்கு, பச்சை எந்தப் பக்கம் விழுந்தார் என்பதற்கு. சிவப்பு மை, ரத்தம் வந்திருந்தால் மட்டும்.

ரசமட்டம் வாய் திறப்பதற்குள் உள்ளே பளார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஒரு நாற்காலி சாய்கிற சத்தம். பிறகு எதுவோ சுவரில் மோதிச் சரிகிற சத்தம். பதிவேட்டார் கடிகாரத்தைப் பார்த்து நீல மையில் நேரத்தைக் குறித்தார். கதவு திறந்தது. பூங்காக் காவலாளி வெளியே வந்தார். கீழுதடு இரண்டாகப் பிளந்து, சட்டைப் பொத்தான் மூன்று இல்லாமல் வந்தார். கடைநிலை ஊழியர் தயாராக நின்றிருந்தார். முதலில் ஈரத்துணி, அடுத்து ஒரு டம்ளர் தண்ணீர், அதற்கடுத்து பேனா. இந்த வரிசை மாறாது. மாறினால் ஊழியரும் வழுக்குவார்.

"வழுக்கினதா, தடுக்கினதா?" என்றார் பதிவேட்டார்.

"ரெண்டுல எது சீக்கிரம் முடியும்?" என்றார் காவலாளி, உதட்டைப் பிடித்துக்கொண்டே.

"வழுக்கினதுதான். தடுக்கினதுக்கு இன்னொரு படிவம் இருக்கு, ரெண்டு சாட்சி வேணும்."

"அப்ப வழுக்கினதே இருக்கட்டும்."

"எந்தப் பக்கம்?"

"இடது கன்னம். அப்புறம் வாய். அப்புறம் விலா எலும்பு, அது அவர் காலால."

"காலால வழுக்கறதுதான் முறை," என்று சொல்லிப் பச்சை மையை எடுத்தார் பதிவேட்டார்.

காவலாளி கையெழுத்துப் போட்டதும் அந்தப் பெரிய புத்தகம் உள்ளே போயிற்று. தலைவரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு பதிவின் கீழும் தலைவர் தம் கைப்பட "நேரில் கண்டேன்" என்று எழுதி, கையெழுத்திட்டு, சீல் குத்துவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வாசலில் வெளியே போகும் சீட்டு தரமாட்டார்கள். அடி வாங்கியவர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் விழுந்தாக வேண்டும்.

"ஐயா, என் தரை வழுக்காது," என்றார் ரசமட்டம். "சொரசொரப்புக் கல்லு அது. நானே தேடிப் பிடிச்சு வாங்கினேன். எண்ணெயை ஊத்தினாலும் கால் நிக்கும். புத்தகத்துல தப்பா எழுதியிருக்கு."

பதிவேட்டாருக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபத்தாறு வருஷச் சேவையில் அவர் புத்தகத்தைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. "தம்பி, நல்லா கேட்டுக்கோங்க. ஒரு அலுவலகத்துல ஒருத்தர் அடி வாங்கினா அதுக்குப் பேரு வன்முறை. அதே ஆள் வழுக்கி விழுந்தா அதுக்குப் பேரு நிர்வாகம். நான் இங்க நிர்வாகம் பண்றேன்."

அப்போது தலைவரே வெளியே வந்தார். வலது உள்ளங்கையில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார். ஆள் நல்ல உயரம். குரல் மட்டும் பால் குடித்த பூனைக் குரல்.

"யாரு, நம்ம தரை போட்டவரா? வாங்க வாங்க. உங்களை எல்லாம் நான் தொடவே மாட்டேன். உங்களாலதான் இந்த அலுவலகமே நடக்குது. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க, இந்தக் கையால நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் அடிச்சதில்ல. மக்களுக்காகப் பேசறப்போ உணர்ச்சிவசப்பட்டுக் கையை வீசுவேன். அந்த நேரம் பார்த்து முகத்தைக் கொண்டு வந்து குறுக்க வைக்கிறாங்க. நான் என்ன பண்ண? கையை நிறுத்தினா மக்கள் சேவை நிக்குமே!"

அவர் போன பிறகு ரசமட்டம் அறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே போய் மண்டி போட்டுக் கருவியைத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. பக்கத்தில் பூங்காக் காவலாளியின் பொத்தான் ஒன்று கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால் அவர் பேர்தான் கெட்டிருக்கும். தபால்காரர் வந்து அதைப் பெரிதாக்கினார். நகரமன்றம் தோண்டிப் போட்ட குழி ஒன்றில் சைக்கிளோடு விழுந்துவிட்டு, அதைச் சொல்லத் தலைவரிடம் போனார் மனிதர். குழியில் நிஜமாகவே விழுந்தவர்களுக்கு நகரமன்றத்தில் பதிவேடு கிடையாது. அதைத் தலைவர் நாற்காலிக் கால் கொண்டு விளக்கினார். தபால்காரரின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. தோள்பட்டை எலும்பு வெளியே தெரிந்தது. தாடை கழன்று தொங்கியது. நாற்காலிக் காலும் முறிந்தது என்று கேள்வி. அடுத்த மாசமே அதற்கு மாற்று வந்துவிட்டது, தாடைக்குத்தான் வரவில்லை.

வழக்கம்போல ஈரத்துணி வந்தது, தண்ணீர் வந்தது, பேனா வந்தது. ஆனால் கையெழுத்துப் போடக் கை இல்லை. ஆள் மயக்கத்தில் இருந்தார்.

"இடது கைப் பெருவிரலை எடுத்து அழுத்துய்யா," என்றார் தலைவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"செல்லாதுங்க தலைவரே," என்றார் பதிவேட்டார். "நினைவில்லாதவர் ரேகை செல்லாது. விதி பதினேழு."

"சரி, கையெழுத்து இல்லாமலே வையி."

"வைக்கலாம். ஆனா கையெழுத்து இல்லாத பதிவை மூணு நாளைக்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பணும். விதி பதினெட்டு."

வேறு யாராக இருந்தாலும் விதி பதினெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பதிவேட்டார் அப்படிப்பட்டவர் அல்ல. பொய்யாகவே இருந்தாலும் அது முறைப்படி இருக்க வேண்டும் அவருக்கு. மூன்றாம் நாள் காலை பதிவு எண் இருநூற்றுப் பதின்மூன்றின் நகல், தலைவரின் "நேரில் கண்டேன்" சகிதம், ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. நகலோடு போன கடிதத்திலும் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் முன்னால் வைக்கும் காகிதம் எதையும் அவர் படித்ததில்லை. படிக்கிறவர்கள் பலவீனமானவர்கள் என்பது அவர் கொள்கை.

காகிதம் வந்துவிட்டது, இனி ஸ்டேஷனுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். காயத்துக்குக் காரணம் தரை என்று சீல் குத்தி எழுதியிருக்கிறது. தரையைக் கைது செய்ய வண்டியில் இடம் இல்லை. ஆகவே தரையைப் போட்டவரைக் கைது செய்தார்கள். அலட்சியமாகத் தரை பதித்துக் கொடுங்காயம் ஏற்படுத்திய குற்றம். மூன்று வருஷம் வரை உள்ளே இருக்கலாம். ஸ்டேஷனில் ரசமட்டம் "குமிழி நடுவுல நிக்குதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குமிழி என்பது யாருடைய பட்டப்பெயர் என்று கேட்டு முதுகில் நாலு போட்டார்கள்.

அதே வாரம் நகரமன்றம் அவசரமாகக் கூடி, தரைக்குக் கடும் கண்டனம் தெரிவித்து ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஒரே ஒரு உறுப்பினர் கை தூக்காமல் இருந்தார். சாயங்காலத்துக்குள் அவரும் வழுக்கினார். ஆக, ஏகமனது.

ஜாமீனில் வெளியே வந்தவரிடம் மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்தான். அவன்தான் வக்கீல். வீட்டிலேயே வக்கீல் இருப்பது வசதிதான், வழக்கு இல்லாத வரைக்கும்.

"மாமா, தரை வழுக்கும்னு ஒத்துக்கோங்க. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லுங்க. ஆறு மாசத்துல வெளிய வந்துடலாம்."

"வழுக்காதேடா."

"தெரியும் மாமா. ஊருக்கே தெரியும். ஆனா தலைவர் அடிச்சார்னு நீங்க சொன்னா, நாளைக்கு உங்களுக்கும் தாடை இருக்காது."

"அவர் அடிச்சார்னு நான் சொல்லவே மாட்டேன். நான் பார்க்கல. என் தரை வழுக்காது, அவ்வளவுதான் சொல்வேன்."

"அக்கா, நீயாவது எடுத்துச் சொல்லேன்."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். "ஒத்துக்கிட்டா வெளிய வந்து என்ன வேலை பார்ப்பாரு? தரை வழுக்கும்னு கோர்ட்டே எழுதிட்டா யாருடா வீட்டுக்குள்ள விடுவாங்க? ஆறு மாசமோ மூணு வருஷமோ, உள்ள போனா போகட்டும். வேலையை விட்டுக் குடுத்துட்டு வந்து என் முன்னால உட்கார வேண்டாம்." இத்தனை வருஷத்தில் கணவரைப் பாராட்டி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. ரசமட்டத்துக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

வழக்கு நடந்தது. நீதிபதி ஒரு அம்மா. மூக்கடைப்பு அவருக்கு, எதைக் கேட்டாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. நகரமன்றத்திலிருந்து பதினான்கு பேர் சாட்சி சொன்னார்கள். துணைத்தலைவர் முதலில் ஏறினார்.

"நானே பதினோரு தடவை விழுந்திருக்கேன் அம்மா."

"பதினோரு தடவை விழுந்தும் ஏன் திரும்பத் திரும்ப அந்த அறைக்குப் போனீங்க?" என்றார் நீதிபதி.

"கடமைங்க. தலைவர் கூப்பிட்டா விழத்தானே வேணும்."

"நூற்றுத் தொண்ணூறு பேருக்கு இடது கன்னத்தில்தான் காயம். அது எப்படி?"

துணைத்தலைவர் திரும்பி நகரமன்றப் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் எழுந்து, "தரை வாட்டம் இடது பக்கம் அம்மா," என்றார்.

கைது செய்தபோதுகூடச் சத்தம் போடாத ரசமட்டம், கூண்டுக்குள்ளிருந்து துள்ளினார். "வாட்டமா? என் தரையிலயா? பொய் சொல்லாதீங்கய்யா, நாக்கு அழுகிடும்! அம்மா, நீங்களே வாங்க. வந்து ஒரே ஒரு தடவை கருவியை வெச்சுப் பாருங்க. குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தா மூணு வருஷம் இல்ல, முப்பது வருஷம் போடுங்க!"

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை வர்றேன்," என்றார்.

வியாழக்கிழமை தலைவர் அறையில் நிற்க இடமில்லை. நீதிபதி, கோர்ட் ஆட்கள், போலீஸ், உறுப்பினர்கள், ஜன்னலுக்கு வெளியே பாதி ஊர். மேசைகளை ஓரம் தள்ளினார்கள். முதலில் தண்ணீர் ஊற்றி ஒரு கான்ஸ்டபிளை நடக்கச் சொன்னார்கள். நடந்தார். அடுத்து சோப்புத் தண்ணீர். கோர்ட் எழுத்தர் நடந்தார், பிறகு திரும்பியும் நடந்தார். கடைசியில் மோட்டார் ஆயில் ஊற்றி, இருக்கிறதிலேயே கனமான போலீஸ்காரரை ஓடச் சொன்னார்கள். அவர் சுவர் வரை ஓடி, சுவரில் கை வைத்து நின்று, "இன்னொரு தடவை ஓடணுமா அம்மா?" என்று கேட்டார். பதிவேட்டார் புத்தகத்தைப் பிரித்து, இருநூற்றுப் பதினைந்து என்று எண் போட்டுவிட்டு, நாலு பேனாவோடும் காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் யாரும் விழவில்லை.

ரசமட்டம் ஓரமாக நின்று ஒவ்வொரு கால் வைப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெரியாமல் சிரித்தார்.

"ஒருத்தரும் விழலையே," என்றார் நீதிபதி.

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. தம் அறையில், தம் கண் முன்னால், இத்தனை பேர் காரணமில்லாமல் நிமிர்ந்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. "அம்மா, உங்களுக்கு நிர்வாகம் தெரியல. சும்மா நடந்தா எப்படி வழுக்கும்? இதென்ன குளியலறையா? என்கிட்ட எதிர்த்துப் பேசிட்டு நடந்து பார்க்கணும். அப்பத்தான் வழுக்கும்."

"அப்படியா? காட்டுங்க."

தலைவர் விரலைச் சொடுக்கினார். துணைத்தலைவர் வந்து நின்றார்.

"எதிர்த்துப் பேசுய்யா."

"என்னன்னு பேச, தலைவரே?"

"எதையாவது பேசு!"

"எனக்கு அப்படி ஒண்ணும் மாற்றுக் கருத்து இல்லையே தலைவரே..."

"பேசுடா!"

துணைத்தலைவர் வாயைத் திறந்தார். நாலு வருஷம் உள்ளே கிடந்தது எதுவோ அவரையும் மீறி வெளியே வந்தது போலிருந்தது. "நீங்க... நீங்க ஒரு வடிகட்டின முட்டாள், தலைவரே."

தலைவர் விட்ட அறையின் சத்தம் கீழ்த்தளத்தில் பிறப்புச் சான்றிதழ் வாங்க நின்றவர்களுக்கும் கேட்டதாம். துணைத்தலைவர் தரையை விட்டு எழும்பி, மேசை விளிம்பில் தாடை மோதி, கீழே வந்தார். தலைவர் அதோடு விடவில்லை. நடித்துக் காட்டுவதாக ஆரம்பித்தவருக்குக் கை நிஜமாகவே சூடேறிவிட்டது. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, திரும்ப ஒன்று, இன்னொன்று. விலாவில் பூட்ஸ் காலால் இரண்டு. ஒரு முன் பல் உருண்டு போய் நீதிபதியின் காலடியில் நின்றது. வாட்டம் இருந்தால் இடது பக்கம் போயிருக்க வேண்டும். அது வலது பக்கம் போயிற்று. அதை ரசமட்டம் ஒருவர்தான் கவனித்தார்.

தலைவர் மூச்சிரைக்க நிமிர்ந்து, இரு கையையும் விரித்தார். "பாத்தீங்களா? நான் சொல்லல? வழுக்குது!"

ஜன்னலுக்கு வெளியே பாதி ஊர் வாயைப் பொத்திக்கொண்டது.  உள்ளே பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பதிவேட்டார் கறுப்பு மையில் பெயரை எழுதி, நீலத்தில் நேரத்தை எழுதி, பச்சையில் பக்கத்தை எழுதி, சிவப்பு மையை நிறையவே செலவு செய்துவிட்டு, முறைப்படி புத்தகத்தை நீட்டினார். தலைவரிடம் அல்ல, நீதிபதியிடம். "அம்மாவும் நேர்ல கண்டதால சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடணும்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. நானே எழுதலாமா?"

"தாராளமா. பார்த்தவங்க எழுதலாம். விதி நாலு."

நீதிபதி "தலைவரின் வலது கையும் வலது காலும்" என்று தெளிவாக எழுதி, கீழே கையெழுத்திட்டார். பதிவேட்டார் புத்தகத்தைத் தலைவர் பக்கம் திருப்பினார். தலைவர் நாலு வருஷப் பழக்கத்தில், ஒரு எழுத்தையும் பார்க்காமல், "நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலை எடுத்து ஊதிக் குத்தினார்.

ஒப்புதல் வாக்குமூலம் இதைவிட முறைப்படி எந்தக் கோர்ட்டுக்கும் வந்ததில்லை என்று மச்சினன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. வழக்கு திரும்பியது. ரசமட்டத்தை விடுவித்துவிட்டார்கள். தலைவரைக் கூண்டில் ஏற்றினார்கள். தாடையில் கம்பி கட்டிய தபால்காரர் இடது கையால் பதினெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். மற்றவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய வேலையே இல்லை. பேர், நேரம், பக்கம் எல்லாம் நாலு நிறத்தில் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் தலைவர் தாம் அங்கே இருந்ததைத் தம் கைப்பட எழுதியிருந்தார். பதிவேட்டாரை விசாரித்தபோது, புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தம்கூட இல்லை என்று நீதிபதியே சொல்ல, அவர் கண் கலங்கிவிட்டது.

ஒன்பது வருஷம் தண்டனை. பதவி போயிற்று. தீர்ப்பு வாசித்ததும் தலைவர் எழுந்து பேசினார். "நான் மக்கள் மேல கை வெச்சேன்னு சொல்றாங்க. மக்கள் மேல கை வைக்காம ஒரு தலைவன் எப்படி மக்களோட தொடர்புல இருக்க முடியும்? எனக்கு முன்னாடி இருந்தவர் யாரையாவது தொட்டிருக்காரா? நான் இருநூறு குடும்பத்தோட நேரடித் தொடர்பு வெச்சிருந்தேன்!" கூட்டத்தில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். பழக்க தோஷம்.

வெளியே அழைத்துப் போகையில் கை விலங்கு மாட்ட வந்த போலீஸ்காரரின் கன்னத்தில் தலைவர் ஒன்று வைத்தார். அது அவர் செய்த கடைசி மக்கள் சேவை. ஏழெட்டுப் போலீஸ்காரர்கள் அவரைக் கோர்ட் படிக்கட்டு வளைவுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது மூக்கு ஒரு பக்கமாக இருந்தது, ஒரு கண் திறக்கவில்லை, காலை இழுத்து இழுத்து நடந்தார். படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் படிக்கட்டைக் கட்டிய கொத்தனார் யார் என்று விசாரித்து வருவதாகக் கேள்வி.

ரசமட்டத்துக்கு விடுதலை வந்தது, வேலை வரவில்லை. மருந்துக்கடைக்காரர் தீர்ப்பு நகலை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "உங்களை விட்டுட்டாங்கன்னு இருக்கு. தரை வழுக்காதுன்னு எங்க இருக்கு? நகரமன்றம் போட்ட கண்டனத் தீர்மானம் அப்படியேதானே இருக்கு? வழுக்காதுன்னு அவங்ககிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. நாளைக்கே வேலை ஆரம்பிக்கலாம்."

ஊரில் எல்லாரும் அதையே சொன்னார்கள். நாலு வருஷப் புத்தகத்தை நம்பிப் பழகிய ஊர், கண்ணால் பார்த்ததை நம்ப ஒரு காகிதம் கேட்டது.

துணைத்தலைவர் இப்போது தலைவர். பதவியேற்ற அன்று முன் பல் இல்லாத இடத்தில் காற்றுப் போக அவர் ஆற்றிய உரை ஊரையே உருக்கிவிட்டது. "வன்முறையோட வலி எனக்குத் தெரியும். பன்னிரண்டு தடவை தெரியும். இந்த அலுவலகத்தில் இனி ஒருவர்கூட வழுக்கி விழ மாட்டார் என்று உறுதி கூறுகிறேன். முதல் உத்தரவாக அந்தக் கேவலமான பதிவேட்டை ஒழிக்கிறேன்!" பதிவேடு ஒழிந்தது. பதிவேட்டாரைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஈரத்துணியும் டம்ளர் தண்ணீரும் மட்டும் வாசலில் இருந்தன. பேனாதான் இல்லை.

ரசமட்டம் மனுவோடு உள்ளே போனார். கதவு பாதி திறந்தே கிடந்தது. தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

"சான்றிதழா?" என்றார் புதுத் தலைவர். "நல்லா யோசிச்சுப் பாருங்க. இந்தத் தரை வழுக்காதுன்னு நான் எழுதிக் குடுத்தா, இதுல வழுக்கி விழுந்தோம்னு கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் பொய் சொன்னதா ஆயிடும்ல?"

"ஆமாங்க."

"நானே பதினோரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன். கோர்ட்ல சத்தியம் பண்ணியும் சொல்லியிருக்கேன்."

"ஆமாங்க, நானும் கேட்டேன்."

"அப்போ நான் பொய்யன்னு சொல்ற."

 ரசமட்டத்துக்கு வளைத்துப் பேசத் தெரியாது. தரையில் மட்டும்தான் நெளிவு சுளிவு பார்க்கத் தெரியும். "தரை வழுக்காதுங்க. மீதியை நீங்களே பார்த்துக்கோங்க."

புதுத் தலைவரின் கை எப்படி மேலே போயிற்று என்று அவருக்கே தெரிந்திருக்காது. பன்னிரண்டு தடவை வாங்கியவரின் கைக்குக் கொடுத்துப் பழக்கமில்லை. ஆனால் கற்றுக்கொண்டது நல்ல இடத்தில். முதல் அறை ரசமட்டத்தின் இடது கன்னத்தில் இறங்கி, காதுக்குள் விசில் அடித்தது. தலை ஒரு பக்கம் திரும்பியது. கால் ஒரு நூலும் நகரவில்லை. இரண்டாவது அறை இன்னும் பலமாக, உதட்டோடு சேர்த்து. வாயில் உப்புக் கரித்தது. மனிதர் அப்படியே நின்றார். கன்னத்தைத் தொடவில்லை. கீழே குனிந்து, தம் இரண்டு பாதமும் கல்லின் மேல் எப்படி ஒட்டி நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மூன்றாவதற்கு ஓங்கிய கையைப் புதுத் தலைவர் வலி பொறுக்காமல் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். மனுவில் ஒரு கையெழுத்தும் ஆகவில்லை.

ரசமட்டம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்திருந்தது. வாசலில் மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், நாளைக்கே வந்து பார்க்க முடியுமா என்று கேட்கப் பள்ளிக்கூடத்துக் காவலாளியும் இன்னும் மூன்று பேரும்.

தையல்காரம்மா கணவரின் முகத்தைப் பார்த்தார். உதடு வீங்கி, கன்னத்தில் ஐந்து விரலும் எண்ணி எடுக்கிற மாதிரி பதிந்திருந்தது.

"சான்றிதழ் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க," என்றார் ரசமட்டம். "நின்னுக்கிட்டேதான் வாங்கினேன்."